இருண்ட இடைக்கால மாயக்கதைப் படங்கள்: அடைமழைக்கு எதைப் பார்க்கலாம்?

கெடிலக்கரை (கடலூர்) எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டது. தேவனாம்பட்டினம் பக்கம் கடல் இரைச்சல் வீட்டுக்குள் வரை கேட்கிறது, கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. இந்தப் பருவம் வந்தாலே எனக்கு ஒரே வகைப் படங்கள்தான் வேண்டும். பாசி படிந்த கோட்டை, ஆள் நடமாட்டமில்லாத காடு, சாபம், சூனியம், குதிரைமேல் தனியாகப் போகிற ஒருவன். ஐரோப்பாவாக இருந்தாலும் சரி, வேறு நாடாக இருந்தாலும் சரி.

என் ரசனை தெரிந்தால்தான் நீங்கள் சரியாகச் சொல்ல முடியும், அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். சமீபத்தில் என்னை ஆட்டிப் படைத்தது டேவிட் லோவரியின் ‘தி கிரீன் நைட்’ (2021). 14-ஆம் நூற்றாண்டுக் கவிதை ஒன்றை வைத்து எடுத்தது. அரசர் ஆர்தரின் மருமகன் கவைனாகத் தேவ் படேல் நடித்திருக்கிறார். அதில் ஒரு காட்சி. கொள்ளைக்காரர்கள் கவைனைக் கட்டிப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். கேமரா அவனை விட்டுவிட்டுக் காட்டை மெல்ல ஒரு சுற்று சுற்றுகிறது. திரும்பி வந்தால், அவன் கிடந்த இடத்தில் கட்டோடு ஓர் எலும்புக்கூடு. மறுபடி எதிர்ப்பக்கமாக ஒரு சுற்று. இப்போது உயிரோடு இருக்கிறான், கட்டை அறுக்க நகர ஆரம்பிக்கிறான். வசனமே கிடையாது. செத்துப்போவது எவ்வளவு சுலபம் என்பதைப் படம் இப்படிக் காட்டிவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் காட்டில் எது வந்தாலும் நான் நம்பினேன்: பேசும் நரியையும் நம்பினேன், மலைபோல நடந்துபோகும் பூதங்களையும் நம்பினேன்.

எனக்கு ஒத்துவராதவை: பத்தாயிரம் கணினிப் படைவீரர்கள் மோதிக்கொள்வது, ஐந்து நிமிடத்துக்கு ஒரு நக்கல் வசனம், குளித்துத் தலைவாரிய குடியானவர்கள். மோதிரத்தை அழிக்கப் போகும் மூன்று ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்களும், ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்ற சிம்மாசனத் தொடரும் பார்த்தாகிவிட்டது. சப்டைட்டில் இருந்தால் எந்த மொழியும் பரவாயில்லை. மழை விடுவதற்குள் ஒரு நல்ல பட்டியல் கிடைத்தால் போதும்.

முத்தியால்பேட்டையான் (புதுச்சேரி) எழுதியது:

சகோ, சரியான ஆளிடம் வந்தீர்கள். 1981 என்ற வருடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே வருடத்தில் இந்த வகையின் இரண்டு தூண்கள் வந்தன.

முதலாவது ஜான் பூர்மனின் ‘எக்ஸ்காலிபர்’. ஆர்தர் கதை முழுவதும், அவன் பிறப்பிலிருந்து கடைசிப் போர் வரை. அயர்லாந்துக் காடுகளில் எடுத்தது. பூர்மன் அதற்கு முன் டோல்கீனின் மோதிரக் கதையைத்தான் எடுக்கப் பார்த்தார், அது நடக்கவில்லை. அந்த ஏக்கத்தையெல்லாம் இதில் கொட்டிவிட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். கவசங்களைக் கவனியுங்கள். பளபளவென்று கண்ணாடி மாதிரி இருக்கும், அதன்மேல் பச்சை விளக்கை அடித்திருப்பார்கள். மனிதன் நிற்கிறான், ஆனால் அவன் உடம்பெல்லாம் காடு ஓடுகிறது. பின்னணியில் வாக்னர் இசை. மெர்லினாக வரும் நிகோல் வில்லியம்சன் ஒரு நொடி கோமாளி, மறு நொடி பயங்கரம். ஹெலன் மிர்ரன் மோர்கனா. லியம் நீசன், பேட்ரிக் ஸ்டூவர்ட், கேப்ரியல் பர்ன் எல்லோரும் பெயர் வாங்குவதற்கு முன் இதில் இருக்கிறார்கள். நடிப்பு சில இடங்களில் மேடை நாடகம்போல உரக்க இருக்கும். எனக்கு அது பிடிக்கும், புராணம் முணுமுணுக்கக் கூடாது.

இரண்டாவது மேத்யூ ராபின்ஸின் ‘டிராகன்ஸ்லேயர்’. டிஸ்னியும் பாரமவுண்டும் சேர்ந்து தயாரித்தது என்றால் நம்பவே முடியாது, அவ்வளவு இருட்டு. ஒரு நாடு, அதில் ஒரு கிழட்டு டிராகன். அது ஊரை அழிக்காமல் இருக்க, வருடத்தில் இரண்டு முறை சீட்டுக் குலுக்கி ஒரு கன்னிப்பெண்ணைப் பலி கொடுக்கிறார்கள். பணக்காரர்கள் காசு கொடுத்துத் தங்கள் பெண்களின் பெயரைச் சீட்டிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். அந்த நாட்டின் பயம் டிராகன்மேல் மட்டும் இல்லை, அரசன்மேலும்தான். டிராகன் முழுசாகத் தெரிவதற்கு நெடுநேரம் ஆகும். தெரியும்போது பில் டிப்பெட் குழு செய்த பொம்மை வேலை இன்றைய கணினி வேலைகளை விட உயிரோடு இருக்கும். குட்டி டிராகன்கள் வரும் இடத்தில் குழந்தைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

பண்ருட்டிப் பலா எழுதியது:

குழந்தைகள் என்றதும் கேட்கிறேன், என் பையனுக்குப் பன்னிரண்டு வயது. அவனோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இந்த வகையில் ஏதாவது உண்டா?

முத்தியால்பேட்டையான் எழுதியது:

‘லேடிஹாக்’ (1985). தைரியமாகப் போடுங்கள். ஒரு பிஷப்பின் சாபத்தால் காதலி பகலில் பருந்து, காதலன் இரவில் ஓநாய். இருவரும் மனித உருவில் ஒருவரையொருவர் பார்க்கவே முடியாது, விடியலிலும் அந்தியிலும் கண்ணிமைக்கும் நேரம் தவிர. ரட்கர் ஹௌவர், மிஷெல் ஃபைஃபர். இத்தாலியின் மலைகளிலும் பழைய கோட்டைகளிலும் விட்டோரியோ ஸ்டொராரோ ஒளிப்பதிவு செய்தது. இசை மட்டும் எண்பதுகளின் சின்தசைசர், சிலருக்கு உறுத்தும். பையனுக்கு உறுத்தாது.

உப்பளத்துச் செல்வி எழுதியது:

கெடிலக்கரைத் தம்பி, ஐரோப்பாவை விட்டு ஒரு எட்டு ஜப்பான் போய் வா. நீ கேட்கிற எல்லாமும் அங்கே இருக்கிறது, அதுவும் இன்னும் கடுமையாக.

‘ஒனிபாபா’ (1964), கனேடோ ஷிண்டோ. 14-ஆம் நூற்றாண்டு, நாடெங்கும் போர். மாமியாரும் மருமகளும் ஆள் உயர நாணல் காட்டுக்குள் குடிசை போட்டுக்கொண்டு இருக்கிறார்கள். போரில் தப்பி அந்தப் பக்கம் வரும் வீரர்களைக் குத்திக் கொன்று, கவசத்தையும் கத்தியையும் உருவிக்கொண்டு, உடலை ஒரு ஆழமான குழிக்குள் தள்ளிவிடுகிறார்கள். உருவியதை விற்றுத் தினை வாங்குகிறார்கள். அந்தக் குடும்பத்துக்கு அதுதான் பிழைப்பு. இதற்குள் ஒரு முகமூடி வருகிறது. அதற்குமேல் சொல்ல மாட்டேன்.

படம் நெடுக நாணல் அசைந்துகொண்டே இருக்கும். எங்கேயும் ஒளிந்துகொள்ளலாம், எங்கேயும் மாட்டிக்கொள்ளலாம். பசித்த இரண்டு பெண்களும் சோற்றை அள்ளி வாயில் திணிக்கும் விதம் இருக்கிறதே, அதைப் பார்த்தபின் அவர்களைக் கொலைகாரிகள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருட்டுப் படம் என்றால் ஆண்கள் வாளோடு சுற்றுவதுதான் என்று நினைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். போர் நடக்கும்போது வீட்டில் இருப்பவர்கள் என்ன தின்றார்கள் என்று கேட்கிற படம் இது.

அதே இயக்குநரின் ‘குரோநெகோ’ (1968) இன்னும் மாயம் கலந்தது. வீரர்களால் கொல்லப்பட்ட மாமியாரும் மருமகளும் பூனைப் பேயாகத் திரும்பி வருகிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்த இரவில் பாருங்கள்.

பண்ருட்டிப் பலா எழுதியது:

சாமுராய் படமெல்லாம் இந்தக் கணக்கில் வருமா அக்கா? இடைக்காலம் என்றால் குதிரைவீரன், மடாலயம், கொள்ளைநோய் என்றுதானே?

உப்பளத்துச் செல்வி எழுதியது:

ஏன் வராது தம்பி? கோட்டை இருக்கிறது, குறுநில மன்னன் இருக்கிறான், சூனியக்காரி இருக்கிறாள், குறி சொல்கிறாள், அது பலிக்கிறது. குரோசாவாவின் ‘த்ரோன் ஆஃப் பிளட்’ (1957) ஷேக்ஸ்பியரின் மேக்பெத் கதைதான். ஸ்காட்லாந்தைத் தூக்கி ஃபியூஜி மலைச் சரிவில் வைத்துவிட்டார். எரிமலைக் கறுப்பு மண், அதன்மேல் இறங்கும் பனிமூட்டம், இரண்டு பேர் குதிரையில் வழிதெரியாமல் அதற்குள்ளேயே முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருப்பார்கள். வேறு என்ன வேண்டும்?

லாஸ்பேட்டை ஒலி எழுதியது:

நான் ஒலிப்பதிவு வேலையில் இருக்கிறேன், அதனால் அந்தக் கோணத்திலிருந்து ஒரு வார்த்தை. சூழல், சூழல் என்கிறோம். அது யார் கையிலோ செய்த பொருள். ‘த்ரோன் ஆஃப் பிளட்’ கடைசியில் டோஷிரோ மிஃபூனே மேல் அம்பு பாய்கிறதே, அதில் நிஜ வில்லாளிகள் நிஜ அம்புகளை எய்தார்கள். அவர் முகத்தில் தெரிவது நடிப்பு மட்டும் இல்லை. ‘எக்ஸ்காலிபர்’ கவசத்தில் பச்சை தெரிகிறது என்றால் ஒருவர் விளக்கில் பச்சைத் தாள் ஒட்டினார் என்று அர்த்தம். பனிமூட்டத்தைப் பிடிக்கக் காத்திருந்த பொறுமை, குளம்புச் சத்தத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்ற முடிவு, இவைதான் உங்களைப் பயமுறுத்துகின்றன.

இன்னொரு உதாரணம், கோபயாஷியின் ‘குவைதான்’ (1964). நான்கு பேய்க்கதைகள், மூன்று மணிநேரம். முக்கால்வாசி அரங்கத்துக்குள்ளேயே எடுத்தது, வானத்தைக் கையால் வரைந்தார்கள். பனிப்பெண் கதையில் வானத்திலிருந்து ஒரு கண் பார்த்துக்கொண்டிருக்கும். பொய் வானம் என்று பார்த்தவுடன் தெரியும், ஆனாலும் உடம்பு சிலிர்க்கும். ஒலி விஷயத்தில் இதற்கு ஈடாக நான் எதையும் கேட்டதில்லை. மரம் பிளக்கிற சத்தம், கல் உரசுகிற சத்தம், பிறகு நீண்ட மௌனம். ஒருவன் வாய் திறந்து கத்துவான், சத்தம் வராது. குருட்டுப் பாடகன் ஹோயிச்சியின் கதைக்காகவாவது பாருங்கள். 1185-ல் கடற்போரில் அழிந்த ஒரு குலத்தின் ஆவிகள், தங்கள் சாவைப் பற்றிய பாட்டைக் கேட்க இரவில் அவனைக் கூட்டிப் போகின்றன. ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய படம்.

கெடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. செல்வி அக்கா, ‘ஒனிபாபா’வை நேற்று ராத்திரியே பார்த்தேன். குழியை மேலிருந்து காட்டும் முதல் ஷாட்டிலேயே விழுந்துவிட்டேன்.

லாஸ்பேட்டை அண்ணா சொன்னதோடு நான் முழுதாக ஒத்துப்போகவில்லை. விளக்கும் பனியும் புகையும் எல்லாரிடமும் இருக்கின்றன. இப்போது வருகிற நூறு படங்களில் சாம்பல் நிறத்தைப் பூசி, கருப்பு அங்கி மாட்டிவிட்டு, இருட்டு என்கிறார்கள். ஒரு நடுக்கமும் வருவதில்லை. ஏன்? அந்த உலகத்தில் யாருக்கும் எதிலும் நம்பிக்கை இல்லை. மந்திரவாதி மந்திரம் போடுகிறான், விலை ஒன்றும் கொடுப்பதில்லை. சாமி கும்பிடுகிறவன் ஒருவன்கூட இல்லை. ‘டிராகன்ஸ்லேயர்’ நாட்டில் சீட்டுக் குலுக்குகிறார்களே, அங்கே கூடியிருக்கிற முகங்களைப் பாருங்கள். டிராகன் இருக்கிறதா என்று யாரும் சந்தேகப்படவில்லை. யார் வீட்டுப் பெண் என்பது மட்டும்தான் கேள்வி. என்னைப் பிடித்து உலுக்குவது அந்த முகங்கள்தான். கதைக்குள் இருப்பவன் நம்பினால் நானும் நம்புகிறேன். அவன் நம்பாவிட்டால் எத்தனை பனி விட்டாலும் பிரயோஜனமில்லை.

லாஸ்பேட்டை ஒலி எழுதியது:

அந்த முகங்களை அப்படி நிற்க வைத்ததும் ஒரு வேலைதானே தம்பி! ஆனால் நீ சொல்வது புரிகிறது. அப்படியானால் உனக்குச் சோவியத் ‘வீய்’ (1967) தான் சரி. கோகோல் கதை. குருமடத்து மாணவன் ஒருவன், செத்துப்போன ஒரு பெண்ணின் பிணத்துக்குப் பக்கத்தில் பாழடைந்த மரத் தேவாலயத்தில் மூன்று இரவு தனியாக ஜெபம் சொல்ல வேண்டும். சுண்ணக்கட்டியால் தன்னைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொள்கிறான். வட்டத்துக்கு வெளியே என்னென்ன வருகிறது என்பதுதான் படம். ஒன்றே கால் மணிநேரம்தான். சிரிப்பும் உண்டு, ஆனால் மூன்றாம் இரவு சிரிப்பு வராது. மாஸ்ஃபிலிம் நிறுவனம் தன் பழைய படங்கள் பலவற்றை யூடியூபில் தானே ஏற்றி வைத்திருக்கிறது, அங்கே தேடிப் பாருங்கள்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகி எழுதியது:

நான் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் பேசுவதைப் படித்துக்கொண்டே வந்தேன், பேசாமல் இருக்க முடியவில்லை.

இருண்ட இடைக்கால மாயக்கதை என்று அயர்லாந்துக்கும் ஜப்பானுக்கும் போய் வந்தீர்கள். கலிங்கத்துப்பரணியை ஒருதரம் எடுத்துப் படியுங்கள். 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கம், முதலாம் குலோத்துங்கன் காலம். செயங்கொண்டார் போருக்குப் போகும் முன் முதலில் பாலைக்காட்டைப் பாடுகிறார், பிறகு காளி கோயிலை, பிறகு பேய்களை. பேய்களுக்குப் பசி. வயிறு குழி விழுந்து, எலும்பு தெரிய, காளியிடம் போய் முறையிடுகின்றன. போர் முடிந்ததும் களத்திலேயே கூழ் சமைக்கின்றன. வீரர்களின் பற்கள்தான் அரிசி. முரசு உரல், யானைத் தந்தம் உலக்கை. குற்றும்போது நம் பெண்கள் பாடுகிற வள்ளைப்பாட்டையே பாடுகின்றன, சோழனை வாழ்த்தி. வெற்றியைப் பாட வந்த புலவர் களத்தின் நாற்றத்தையும் சேர்த்துப் பாடியிருக்கிறார். செல்வி சொன்ன ஜப்பானியப் படத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு இந்தப் பசிதான் நினைவுக்கு வந்தது.

அதற்கும் முன்னால், நம் புதுச்சேரி மாநிலத்துக் காரைக்காலில் பிறந்த அம்மையார் தன்னையே பேய் என்று சொல்லிக்கொண்டார். அழகை வேண்டாமென்று உதறிவிட்டு, வற்றிய உடம்போடு திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் இறைவன் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். நரி ஊளையிடுவதும் கள்ளி காய்வதும் பிணம் எரிவதும் அந்தப் பதிகத்தில் இருக்கின்றன. பயமும் பக்தியும் அங்கே வேறுவேறு இல்லை. கெடிலக்கரைத் தம்பி நம்பிக்கை என்று சொன்னாரே, அது இதுதான். சோழர் காலத்துச் செப்புச் சிலைகளில் அம்மையார் விலா எலும்பு தெரிய, கையில் தாளத்தோடு, சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

படம் என்று கேட்டால், 1951-ல் வந்த ‘மர்மயோகி’யைச் சொல்வேன். எம்.ஜி.ஆர். நடித்து கே. ராம்நாத் இயக்கியது. அரசனின் ஆவி வரும் காட்சிகளுக்காகத் தணிக்கையில் ‘ஏ’ சான்றிதழ் வாங்கிய முதல் தமிழ்ப்படம் அது. அரியணையைப் பறித்தவள் முன்னால் செத்த ராஜா வந்து நிற்பதைப் பார்த்துத் தியேட்டரில் வீறிட்ட கதையை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

முத்தியால்பேட்டையான் எழுதியது:

டீச்சர், வணக்கம். அந்தக் கூழ் சமைக்கும் பகுதியை ஒருவர் ‘எக்ஸ்காலிபர்’ தரத்தில் படமாக எடுத்தால் உலகமே திரும்பிப் பார்க்கும். எடுக்க வேண்டும். செஞ்சிக் கோட்டை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மழைநாளில் ராஜகிரி உச்சியை மேகம் மூடியிருக்கும்போது கீழே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், தனியாகச் செட் போடவே வேண்டாம். 2025-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

நெல்லிக்குப்பம் நிலா எழுதியது:

யாருமே ‘ஆயிரத்தில் ஒருவன்’ சொல்லவில்லையே! செல்வராகவன், 2010. முதல் பாதி சாகசப் பயணம், விட்டுவிடுங்கள். இரண்டாம் பாதியில் குகைக்குள் இருக்கும் சோழ மிச்சங்களைப் பாருங்கள். கறுத்து, மெலிந்து, பசியில் பித்துப் பிடித்து, ஒரு தூதுவன் வருவான் என்ற ஒரே வாக்கைப் பிடித்துக்கொண்டு நூற்றாண்டுகளாக உயிர் வாழும் கூட்டம். பார்த்திபன் அந்த அரசனாக வரும்போது சிம்மாசனத்தில் ஒரு தங்கத்துளிகூட மின்னாது. டீச்சர் சொன்ன பசிப் பேய்கள் அங்கே மனிதர்களாகவே இருக்கிறார்கள். வந்தபோது பலர் திட்டினார்கள், 2020 கடைசி நாளில் மறுபடி திரைக்கு வந்தபோது கொண்டாடினார்கள்.

கெடிலக்கரை எழுதியது:

நெல்லிக்குப்பம், கை கொடுங்கள். அந்த இரண்டாம் பாதி என் கணக்கில் இந்த வகையின் உச்சங்களில் ஒன்று. சோழ மொழியில் அவர்கள் பேசும்போது புரிந்தும் புரியாமலும் இருக்கும் அந்த உணர்ச்சி வேறு எந்தப் படத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

‘பிரமயுகம்’ பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

உப்பளத்துச் செல்வி எழுதியது:

கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துக்கொள். ராகுல் சதாசிவன், 2024. 17-ஆம் நூற்றாண்டு மலபார், முழுக்கக் கறுப்பு வெள்ளை. அடிமை வியாபாரிகளிடமிருந்து தப்பி ஓடும் பாணன் ஒருவன் காட்டுக்குள் ஒரு இடிந்த மனைக்கு வந்து சேர்கிறான். வீட்டுக்காரர் கொடுமண் போற்றி, மம்மூட்டி. சமையல்காரன் ஒருவன். மொத்தமே இவ்வளவுதான் ஆட்கள். மழை சொட்டிக்கொண்டே இருக்கும் முற்றம், அழுகிய மரம், எங்கோ ஓடுகிற பல்லி. போற்றி தாயம் ஆடக் கூப்பிடுகிறார். பாணனிடம் பந்தயம் வைக்க ஒன்றும் இல்லை. உன் நேரத்தை வை என்கிறார். அந்த இடத்தில் எனக்கு முதுகு சில்லிட்டது. தோற்றால் உன் வாழ்நாள் என் கையில் என்பதை எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார் பார்! சாதியும் அதிகாரமும் ஒரு மனிதனை எப்படிச் சுவைத்துச் சாப்பிடும் என்று பேய்க்கதையாகவே சொல்லிவிட்டார்கள். இலங்கைக் கண்டி வரை தேடிப் போனாலும் இப்படி ஒரு மனை கிடைக்காது.

பண்ருட்டிப் பலா எழுதியது:

‘தும்பாட்’ (2018) சேருமா? மழை, புதையல், அம்மன் கருவறைக்குள் ஒரு பசித்த பிசாசு. காலம் மட்டும் இடைக்காலம் இல்லை, வெள்ளைக்காரன் காலம்.

நெல்லிக்குப்பம் நிலா எழுதியது:

சேரும். அடைமழைக்கு அதைவிடப் பொருத்தமான இந்தியப் படம் இல்லை.

கருவடிக்குப்பம் எழுதியது:

படப் பெயர்கள் நிறைய வந்துவிட்டன, பார்க்கிற விதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. இருட்டுப் படங்களைக் கெடுப்பது பாதி நேரம் நம் டிவிதான். கடையில் வாங்கும்போது ‘விவிட்’ என்ற அமைப்பில் வைத்திருப்பார்கள். அதில் கறுப்பு சாம்பலாகத் தெரியும், முகம் ஆரஞ்சாகத் தெரியும். ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ என்று இருக்கும், அதற்கு மாற்றுங்கள். அசைவை வழவழப்பாக்கும் ‘மோஷன்’ வசதியை நிறுத்திவிடுங்கள். அது இருந்தால் எந்தக் கோட்டையும் சீரியல் செட்டாகிவிடும். அறை விளக்கை அணைத்துவிட்டு, கண் வலித்தால் டிவிக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கு மட்டும் வையுங்கள்.

இணையத்தில் பார்க்கும்போது பனிமூட்டத்திலும் இரவு வானத்திலும் பட்டை பட்டையாகக் கோடு தெரிகிறதா? நெட் வேகம் குறைந்தால் முதலில் அடிவாங்குவது இருட்டுக் காட்சிகள்தான். மழைநேரத்தில் இது அதிகம். டவுன்லோட் செய்யும் வசதி இருந்தால், தரத்தை உச்சத்தில் வைத்து முன்கூட்டியே இறக்கிவிட்டுப் பாருங்கள். ‘டிராகன்ஸ்லேயர்’ 4கே தட்டாக 2023-ல் வந்தது, குகைக் காட்சிகளில் மண்ணும் புகையும் தனித்தனியாகத் தெரியும். முடிந்தால் அதில் பாருங்கள்.

பெரிய திரை வேண்டுமென்றால், ஆரோவில் நகரமன்றக் கட்டடத்தில் இருக்கும் சினிமா பாரடீசோவின் நிகழ்ச்சி நிரலை அவ்வப்போது பாருங்கள், பல நாட்டுப் படங்கள் போடுவார்கள். புதுச்சேரி அலையன்ஸ் பிரான்சேஸிலும் திரையிடல் உண்டு. இந்த மாதிரிப் படத்தைப் பத்துப் பேரோடு உட்கார்ந்து மூச்சுவிடாமல் பார்ப்பதன் சுகமே தனி.

கெடிலக்கரை எழுதியது:

கருவடிக்குப்பம் அண்ணா, உடனே டிவியை மாற்றினேன். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது, ரொம்ப நன்றி.

இதற்கிடையில் ஒரு நண்பர் தனியாகச் செய்தி அனுப்பி ‘நவம்பர்’ (2017) என்ற எஸ்தோனியப் படத்தைச் சொன்னார். ரைனர் சார்னெட் இயக்கியது, கறுப்பு வெள்ளை. பார்த்து முடித்தேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஏழைக் கிராமம். ஜனங்கள் அரிவாள், கம்பு, மாட்டு மண்டையோடு என்று கிடைத்ததைச் சேர்த்துக் கட்டி ஒரு உருவம் செய்கிறார்கள். அதற்குக் ‘கிராட்’ என்று பேர். நாற்சந்திக்குப் போய்ச் சாத்தானுக்கு மூன்று சொட்டு ரத்தம் கொடுத்தால் அதற்கு உயிர் வரும், எஜமானுக்காகத் திருடிக் கொடுக்கும். அந்தக் கிராமத்து ஆட்கள் சாத்தானையே ஏமாற்றுகிறார்கள், ரத்தத்துக்குப் பதில் பழச்சாறு விட்டு! கிராட்டுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் எஜமான் மேலேயே பாயும்.

என்னை நெகிழ வைத்தது வேறொரு காட்சி. இறந்தோர் நாள் ராத்திரி. செத்துப்போனவர்கள் வெள்ளை உடையில் காட்டு வழியாக வரிசையாக நடந்து வருகிறார்கள். வீட்டில் இலைபோட்டு உட்கார வைப்பதுபோல மேசையில் சாப்பாடு தயாராக இருக்கிறது. உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பிள்ளைகளிடம் சௌக்கியம் விசாரிக்கிறார்கள், புதைத்து வைத்த நகை பத்திரமா என்று கேட்கிறார்கள். யாரும் அலறவில்லை. மகாளய அமாவாசைக்கு எங்கள் வீட்டில் தாத்தாவுக்குப் பிடித்த வடையும் சுருட்டும் வைத்துப் படையல் போட்டுக் கதவைத் திறந்து வைக்கிறோம், அவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார் என்று. பால்டிக் கடலோரத்தில் அதே காரியத்தை அதே சாதாரண முகத்தோடு செய்கிறார்கள். லாஸ்பேட்டை அண்ணாவோடு நான் வாதாடியது இதற்காகத்தான். பேய் வருகிறது, சோறு போடுகிறார்கள். இதைவிட ஆழமான மாயம் எனக்குத் தெரியாது.

லாஸ்பேட்டை ஒலி எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன் தம்பி, பாதி. அந்தக் காட்டு வழியில் வெளிச்சத்தை எப்படிக் கறந்திருக்கிறார்கள் என்று இன்னொரு முறை பார்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகி எழுதியது:

தம்பி, அந்தப் படத்தை எனக்கும் போட்டுக் காட்டச் சொல்லி என் பேரனிடம் சொல்லியிருக்கிறேன்.

முத்தியால்பேட்டையான் எழுதியது:

இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், இனி மலையேறலாம். செக்கோஸ்லோவாக்கியாவின் ‘மார்கேட்டா லாஸரோவா’ (1967), ஃபிரான்டிசெக் விளாசில் இயக்கியது. 1998-ல் செக் விமர்சகர்கள் வாக்களித்து அந்த நாட்டின் எல்லாக் காலத்துக்கும் சிறந்த படம் என்று தேர்ந்தெடுத்தார்கள். கொள்ளைக்காரக் குலங்கள் இரண்டு, கன்னிமடத்துக்குப் போக வேண்டிய ஒரு பெண், பனி, ஓநாய். படக்குழு நீண்ட காலம் காட்டிலேயே தங்கிப் பழைய காலத்து உடையிலும் குளிரிலும் வாழ்ந்து எடுத்தது. கிறிஸ்தவம் இன்னும் வேர்பிடிக்காத, பழைய தெய்வங்கள் இன்னும் போகாத ஒரு காலம். கேமரா அந்தக் காலத்துக்கே போய்வந்ததுபோல இருக்கும்.

முதல்முறை கதை பிடிபடாது, யார் யாருக்கு அண்ணன், யார் யாரைக் கொன்றான் என்று குழம்பும். அதற்காக நிறுத்திவிடாதீர்கள். ஆட்களின் பெயரையும் எந்தக் குலம் என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு உட்காருங்கள். படமே இரண்டு பாகமாகப் பிரிந்திருக்கிறது, ஒரு இரவுக்கு ஒரு பாகம் போதும். அலெக்ஸேய் ஜெர்மனின் ‘ஹார்ட் டு பி எ காட்’ (2013) அதற்கும் அப்புறம்தான். மூன்று மணிநேரம் சேறு, சளி, ரத்தம், தூக்கில் தொங்கும் படித்தவர்கள். வேறொரு கிரகத்தில் இடைக்காலத்திலேயே தேங்கிப்போன ஒரு நாடு. பெரிய படம், ஆனால் சாப்பிட்டவுடன் பார்க்காதீர்கள்.

நெல்லிக்குப்பம் நிலா எழுதியது:

‘மார்கேட்டா’வுக்குத் தமிழ் சப்டைட்டில் யாராவது செய்திருக்கிறீர்களா? இல்லையென்றால் ஆங்கிலத்திலிருந்து நானே ஆரம்பிக்கிறேன். குலப் பெயர்களை எப்படி எழுதுவது என்று முத்தியால்பேட்டை அண்ணா உதவினால் போதும்.

முத்தியால்பேட்டையான் எழுதியது:

ஆரம்பியுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். முதல் பாகத்தை நீங்கள் எடுங்கள், இரண்டாவது எனக்கு.